முந்திரிக்கும் கீழே

பெரிய எண்ணைச் சொல்ல எந்த மொழியும் அதிகம் சிரமப்படுவதில்லை. லட்சம், கோடி, கோடானுகோடி என்று வாய் நிறையச் சொல்லிவிடலாம். கேட்பவர் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. சின்ன எண் அப்படியல்ல. அது கையில் இருக்கிறது. மடியில் முடிந்து வைத்திருக்கிறது. ஒன்று குறைந்தால் உடனே தெரிந்துவிடும். ஆகவே ஒரு ஜனசமூகம் எப்படி வாழ்ந்தது என்று அறிய விரும்புகிறவர், அதன் கோடிகளை விட்டுவிட்டு, அதன் சொற்பங்களைப் பார்ப்பது நல்லது.

பழைய ஆங்கிலக் கதைகளைப் படித்தவர்களுக்கு இது புரியும். வேட்டைக்குப் போய் வரும் பிரபு நான்கு பறவை சுட்டேன் என்று சொல்ல மாட்டார். இரண்டு 'பிரேஸ்' என்பார். பிரேஸ் என்றால் ஜோடி. கிழவர்களின் வயதையும் கிடையில் நிற்கும் ஆட்டையும் 'ஸ்கோர்' கணக்கில் சொல்வார்கள். ஸ்கோர் என்றால் 20. மரத்துண்டில் கத்தியால் வெட்டிய கீறல் என்பது அதன் பழைய பொருள். 'பார்திங்' என்ற மிகச் சின்ன செப்புக்காசின் பெயருக்கு நாலில் ஒன்று என்று அர்த்தம். ஒரு பென்னியில் கால். ஒன்றுமே இல்லை என்பதற்கு 'அயோட்டா' அளவும் இல்லை என்பார்கள். அயோட்டா கிரேக்க எழுத்துக்களில் மிகச் சிறியது. இத்தனை சொற்களும் இன்று லண்டன் நகரத்து இளைஞர்களுக்குத் தாத்தாவின் கோட்டு மாதிரி ஆகிவிட்டன. பெட்டியில் இருக்கிறது, யாரும் போட்டுக்கொள்வதில்லை.

நம் வீட்டுப் பெட்டியையும் கொஞ்சம் திறந்து பார்ப்போமே!

முதலில், நாம் எண்ணாமலே சொல்லும் எண்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று பயப்படாத குடும்பம் தமிழ்நாட்டில் உண்டா? அந்த நாலு பேர் யார் யார் என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நாலு காசு சம்பாதிக்க வேண்டும், நாலு எழுத்துப் படிக்க வேண்டும், நாலு இடம் போய்வர வேண்டும். இங்கெல்லாம் நாலு என்பது நான்கு அல்ல. போதுமான அளவு சொற்பம், அவ்வளவுதான். கோபம் வந்தால் எண் இன்னும் குறையும். "ரெண்டு வார்த்தை நறுக்கென்று கேட்டேன்" என்பார்கள். கேட்டது இருநூறு வார்த்தையாக இருக்கும்.

அடுத்தது, இரண்டு எண்களை ஒட்டவைத்துச் சொல்லும் வழக்கம். ஒன்றிரண்டு, நாலைந்து, ஏழெட்டு, பத்துப் பதினைந்து. நாலும் ஐந்தும் சேர்ந்தால் ஒன்பது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ஆனால் "நாலைந்து பேர் சாப்பிட வருகிறார்கள்" என்றால் எந்த வீட்டு அம்மாளும் ஒன்பது இலை போடுவதில்லை. கணக்கு வேறு, பேச்சு வேறு என்பது அடுப்படியில் நிற்பவளுக்கு நன்றாகத் தெரியும். பாரதியார் பராசக்தியிடம் காணி நிலம் கேட்டபோது, தென்னை எத்தனை வேண்டும் என்று திட்டமாகச் சொல்லவில்லை. இரு எண்களைச் சேர்த்துச் சொல்லிப் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். தெய்வத்திடம் கறாராகக் கணக்குப் பார்ப்பது அழகில்லை அல்லவா? 1904-ஆம் ஆண்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்தவர் அவர். மதுரைப் பேச்சில் இந்த வழக்கம் இன்றும் வற்றாமல் இருக்கிறது. வடக்குமாசி வீதிக்கு வழி கேட்டால், "ஒரு நாலைந்து கடை தள்ளி" என்றுதான் பதில் வரும்.

இது தாராளமான சொற்பம். நம்மிடம் இன்னொரு சொற்பம் இருந்தது. அது தாராளமே இல்லாதது. மயிரிழை பிளந்தது போன்றது. இந்தக் கட்டுரையின் விஷயம் அதுதான்.

முந்திரி என்றால் இன்று நமக்குப் பாயசத்தில் மிதக்கும் பருப்பு நினைவுக்கு வருகிறது. அந்தப் பருப்பு போர்த்துகீசியரோடு கப்பலேறி வந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழனுக்கு முந்திரி என்பது ஓர் எண். ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. கல்வெட்டுகள் அதை முந்திரிகை என்கின்றன. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. நான்கு முந்திரி ஒரு காணி. அதாவது 80-இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, 20-இல் ஒன்று. ஒரு மாவோடு ஒரு காணியைச் சேர்த்தால் மாகாணி. அது 16-இல் ஒன்று. அதற்கே வீசம் என்றும் பெயர். இரண்டு வீசம் அரைக்கால். இரண்டு அரைக்கால் கால். அதற்கு மேல் அரை, முக்கால், ஒன்று.

ஏன் 320 என்று கேட்கலாம். 300 என்றோ 400 என்றோ வைத்திருக்கக் கூடாதா? காரணம் இருக்கிறது. நம் முன்னோர் ஒன்றை இரண்டு விதமாகப் பிளந்தார்கள். ஒன்று, பாதி பாதியாகப் பிளப்பது. அரை, கால், அரைக்கால், வீசம் என்று அது 16-இல் போய் நிற்கும். இரண்டாவது, இருபதாகப் பிளப்பது. கை விரலும் கால் விரலுமாக மனிதனுக்கு இருபது அல்லவா? அதுதான் மா. பாதியாகப் பிளப்பவனும் இருபதாகப் பிளப்பவனும் சந்தையில் சந்தித்தால் சண்டை வராமல் இருக்க வேண்டும். 16-ஐயும் 20-ஐயும் பெருக்கினால் 320. ஒரு வீசத்துக்கு 20 முந்திரி. ஒரு மாவுக்கு 16 முந்திரி. இரண்டு கணக்கும் மிச்சமில்லாமல் முழு முந்திரிகளில் முடிந்துவிடும். இதை யோசித்தவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அவர் வியாபாரமும் அறிந்தவர், மனிதரையும் அறிந்தவர் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் உலகத்தில் மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்ளும் சொத்தும் உண்டே! 320-ஐ மூன்றால் வகுத்தால் மிச்சம் விழும். அந்த மிச்சத்தை விட்டுவிட நம்மவர்களுக்கு மனம் வரவில்லை. முந்திரியையும் 320 ஆக உடைத்தார்கள். அதற்குக் கீழ்முந்திரி என்று பெயர். ஒன்றில் 1,02,400-இல் ஒரு பங்கு. இப்படி ஒன்றுக்குக் கீழே போகும் பின்னங்களுக்குக் கீழ்வாய் இலக்கம் என்று பெயர் வைத்தார்கள். கீழ்முந்திரிக்கும் கீழே இம்மி. "இம்மியளவும் அசைய மாட்டேன்" என்று நாம் பிடிவாதமாகச் சொல்கிறோமே, அந்த இம்மி வெறும் அலங்காரச் சொல் அல்ல. கணக்குப் புத்தகத்தில் இடம்பெற்ற அசல் எண். காரிநாயனார் செய்த கணக்கதிகாரத்தைப் புரட்டினால், இத்தகைய பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் பங்கிடவும் செய்யுள் செய்யுளாக விதிகள் வரும்.

இவ்வளவு நுட்பமும் ஏட்டுச் சுரைக்காய்தானா என்றால், இல்லை. 1010-ஆம் ஆண்டில் திருப்பணி நிறைவேறிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு முதலாம் இராஜராஜன் விட்ட ஊர்களின் நிலப்பரப்பு, வரி நீங்கிய நிலம், மிச்ச நிலம் எல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இத்தனை வேலி என்று தொடங்கும் வரி, மா, காணி, முந்திரிகை என்று இறங்கி, 'கீழ்' என்ற சொல்லைப் போட்டு மறுபடி அரை, கால், மா, காணி என்று இறங்கி, அதற்கும் கீழே போகிறது. அவற்றில் மிகச் சிறியதென்று சரித்திர ஆசிரியர்கள் எடுத்துக்காட்டுவது, ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு. 320-ஐ நான்கு தரம் பெருக்கி, வந்ததை ஐந்தால் பெருக்கினால் இந்தத் தொகை வரும். ஒரு வேலி 6.6 ஏக்கர் என்ற பிற்காலத் தஞ்சை அளவை வைத்துப் பார்த்தாலும், அந்தத் துண்டு ஒரு சதுர அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஓர் எறும்பு படுத்துக்கொள்ள இடம் போதாது.

இதைச் சொல்லிவிட்டு, "சோழன் எறும்புக்கால் அகலம்வரை நிலம் அளந்தான்" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. நிதானமாக யோசித்தால் அது சரியல்ல என்று தெரியும். எந்தக் கோலாலும் கயிற்றாலும் அந்தத் துண்டை அளக்க முடியாது. அளந்தது வயலை, பின்னம் பிறந்தது ஏட்டில். ஓர் அளவுகோலில் அளந்ததை வேறொரு தரத்துக்கு மாற்றும்போதும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போதும் விழுந்த மிச்சம் அது. அதைத் துடைத்து எறியாமல் கல்லில் வெட்டினார்கள் என்பதே விசேஷம். கணக்கு எழுதியவன் தன் மேல் சந்தேகம் வரக் கூடாது என்று நினைத்திருக்கிறான். "எறும்பளவு நிலத்தைக்கூட நான் விழுங்கவில்லை, பாருங்கள்" என்று கல் சொல்கிறது. அக்காலத்தில் பாண்டி நாடும் இராஜராஜ மண்டலம் என்ற பெயரில் சோழர் ஆட்சியின் கீழ் இருந்தது. வைகைக் கரையில் ஏர் பிடித்தவனுக்கும் அந்த முந்திரிகைக் கணக்குத்தான் ஆண்டது.

இனி மதுரைக்கே வருவோம். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஒரு சங்கப் புலவர். கணக்காயர் என்றால் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கில் பிடிப்பு இருந்ததில் ஆச்சரியமில்லை. புறநானூற்றில் உள்ள அவர் பாட்டு ஒன்று, உலகத்தையே ஆளும் அரசனையும் இரவு பகல் தூங்காமல் விலங்கைத் துரத்தும் வேடனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. இருவருக்கும் வயிற்றுக்கு வேண்டியது ஒரு நாழி அரிசி. உடம்புக்கு வேண்டியது இரண்டு துணி. மற்றதெல்லாம் இதே போலத்தான். ஆகவே செல்வத்தின் பயன் கொடுப்பது என்று முடிக்கிறார். தத்துவம் சொல்ல வந்தவர்கள் பெரும்பாலும் பெரிய எண்களைத் தேடிப் போவார்கள். மதுரை ஆசிரியரின் மகன் ஒன்று, இரண்டு என்ற இரண்டு சின்ன எண்களிலேயே காரியத்தை முடித்துவிட்டார்.

அந்த நாழிக்கும் கீழே எவ்வளவு படிகள் தெரியுமா? 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. ஒரு நாழிக்கு 14,400 நெல் என்று கணக்கு. மேலே போனால் எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆனால் இது புத்தக வாய்ப்பாடு. ஊருக்கு ஊர் படி வேறு, மரக்கால் வேறு. இதற்கு அத்தாட்சி மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முக்குறுணிப் பிள்ளையாரைத் தரிசிக்காமல் யாரும் திரும்புவதில்லை. திருமலை நாயக்கர் வண்டியூர்த் தெப்பக்குளம் வெட்டியபோது கிடைத்தவர் என்று ஊரார் சொல்வார்கள். விநாயக சதுர்த்தி அன்று மூன்று குறுணி அரிசியில் பிரமாண்டமான ஒரே கொழுக்கட்டை செய்து அவருக்குப் படைப்பார்கள். புத்தகத்தின்படி மூன்று குறுணி என்றால் 24 படி. கோயிலில் போடும் அரிசியோ 18 படி. அங்கே குறுணிக்கு ஆறு படி! பிள்ளையார் இதைப் பற்றி வழக்குத் தொடுத்ததாகத் தெரியவில்லை. குறுணியால் அளப்பது கடைத்தெருவில் நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அந்தச் சொல்லைச் சாகாமல் காப்பாற்றி வைத்திருப்பவர் இந்தத் தொந்திக் கணபதி ஒருவரே.

பாண்டி நாட்டுச் சமவெளியில் சின்ன அளவுக்கு மவுசு இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தஞ்சையைப் போல இது காவிரி பாயும் பூமியல்ல. 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திரும்பும்வரை, பாதி நாள் மணலாய்க் கிடக்கும் வைகையையும் மழை நிரப்பும் கண்மாய்களையும் நம்பியே விவசாயம் நடந்தது. விளைச்சல் சொற்பமான இடத்தில் பங்கு பிரிப்பது பெரிய விஷயம். களத்துமேட்டில் அரண்மனைக்கு, கோயிலுக்கு, கணக்கனுக்கு, தச்சனுக்கு, கொல்லனுக்கு, வண்ணானுக்கு, நாவிதனுக்கு, கண்மாய் மடை திறக்கும் நீர்பாய்ச்சிக்கு என்று அளந்து போட்டது போக மிஞ்சியதுதான் உழுதவன் வீட்டுக்குப் போகும். நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்று சொல்லி ஆரம்பித்து, 'ரெண்டு, மூணு' என்று தொடர்வார். ஒன்று என்பது அத்தனை ஒற்றையாக, ஏழ்மையாகக் காதில் விழும் என்பதால்தானோ என்னவோ, அதற்கு ஒரு மங்கலப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

ஆனால் யார் கையில் இருந்தது இந்தக் கணக்கு? இதைக் கேட்காமல் பழம்பெருமை பேசுவது நியாயமாகாது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்று ஒரு பாடம். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று துணைப் பாடங்கள். பையன்கள் மணலில் விரலால் எழுதி, உரக்கச் சொல்லி, ராகம் போட்டு மனப்பாடம் செய்ய வேண்டும். காலைக் காலால் பெருக்கினால் வீசம். அரையை வீசத்தால் பெருக்கினால் அரைவீசம். முக்காலை மாவால் பெருக்கினால் முக்காணி. காகிதமும் பென்சிலும் இல்லாமல் இவற்றைச் சொல்லும் பையன் சந்தையிலும் களத்திலும் ஏமாற மாட்டான். மிகவும் சரி. ஆனால் அந்தத் திண்ணையில் ஏற எல்லாருக்கும் இடம் இருந்ததா? அறுவடை செய்தவன் பிள்ளைக்கு இல்லை. நெற்குவியலைச் சுமந்தவள் பிள்ளைக்கு இல்லவே இல்லை. நெல்லை உண்டாக்கியவனுக்குக் கீழ்வாய் இலக்கம் தெரியாது. அது தெரிந்தவன் நெல்லை உண்டாக்கவில்லை. அரைக்காணி முந்திரி என்று கணக்குப்பிள்ளை வேகமாகச் சொன்னால், எதிரே கைகட்டி நிற்பவன் தலையை ஆட்டத்தான் முடியும். கல்லில் எறும்பளவு நிலத்துக்கும் கணக்குக் காட்டிய அதே இலக்கம், களத்துமேட்டில் மரக்கால் நெல்லை மறைக்கவும் உதவியிருக்கும். நுட்பமான கத்தி அறுவை வைத்தியனிடமும் இருக்கலாம், முடிச்சவிழ்ப்பவனிடமும் இருக்கலாம். பரம்பரையாக வந்த அந்தக் கிராம உத்தியோகங்கள் தமிழ்நாட்டில் 1980-இல்தான் ஒழிக்கப்பட்டன. பள்ளிக்கூடத்துத் தசமக் கணக்கு அதற்கு வெகு முன்பே அவற்றின் மாயத்தில் பாதியைப் போக்கியிருந்தது. பத்து விரல் உள்ள எவனும் கற்கக்கூடிய கணக்கு அது.

காசு விஷயத்தைப் பார்ப்போம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ரூபாய்க்கு 192 தம்பிடி. ரூபாயில் வீசம் ஓர் அணா என்பதால் நம் பழைய வாய்ப்பாடு அதில் அழகாகப் பொருந்திக்கொண்டது. இடையே துட்டு என்று ஒன்று. டச்சுக்காரர்களின் டாய்ட் என்ற செப்புக்காசுதான் இங்கே துட்டு ஆயிற்று. நாலு தம்பிடிக்கு ஒரு துட்டு என்று கணக்குப் பேசினார்கள். தேவாலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட மிகச் சின்னக் காசைப் பைபிள் தமிழில் சொல்ல வேண்டி வந்தபோது, மொழிபெயர்த்தவர்கள் துட்டு, காசு என்ற இந்தச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். யூதேயா தேசத்து விதவை மதுரைச் சந்தையில் கீரை வாங்க வந்தவள் போல ஆகிவிட்டாள். அதைக் கேட்ட ஏழைப் பெண்ணுக்கு வேறு விளக்கம் வேண்டியிருந்திராது.

1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அணா போயிற்று. ரூபாய்க்கு 100 நயா பைசா. அறிவாளிகள் சந்தோஷப்பட்டார்கள், சந்தோஷப்பட நியாயமும் இருந்தது. ஆனால் சின்ன எண்ணின் சங்கடம் அன்றைக்குத்தான் தலைகாட்டியது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் ஏது? அரைக்கும் மேற்பட்டால் ஒன்றாக வைத்துக்கொள், இல்லாவிட்டால் விட்டுவிடு என்று சட்டம் சொல்லிற்று. அதன்படி ஓர் அணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. காலணாவுக்கோ ஒன்றரைக்குச் சற்று மேலே வருவதால் 2.

இதில் ஒரு சூட்சுமம் பாருங்கள். ஓர் அணாவுக்குச் சாமான் வாங்குகிறவர் ஒரே தரமாக வாங்கினால் 6 நயா பைசா கொடுத்தால் போதும். கையில் காசில்லாமல், காலை ஒரு காலணாவுக்கும் மத்தியானம் ஒரு காலணாவுக்கும் என்று நாலு தரமாக வாங்குகிறவர் 8 நயா பைசா கொடுக்க வேண்டும். அதே சாமான், மூன்றில் ஒரு பங்கு விலை அதிகம். யாரும் மோசம் செய்யவில்லை. கடைக்காரர் நாணயஸ்தர். சட்டம் நல்ல சட்டம். ஆனால் மிச்சம் எங்கேயோ விழத்தானே வேண்டும்? அது எப்போதும் சின்ன எண்ணில் வாழ்கிறவர் தலையில் விழும். காலணாவுக்குக் கிடைக்கும் சாமான் அதற்குள் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பது வாஸ்தவம். அதனால் இந்த அநியாயம் பெரிய சப்தம் எழுப்பாமல் அடங்கிவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் எறும்பளவு மிச்சத்தையும் கல்லில் வெட்டியவர்களை நினைத்துக்கொண்டால் இந்த இடத்தில் மனம் கொஞ்சம் நிற்கிறது.

பிறகு படியும் வீசையும் போயின. 1958-இல் தொடங்கிப் படிப்படியாக வந்த மெட்ரிக் அளவு 1962-க்குள் நாடெங்கும் கட்டாயம் ஆயிற்று. கீழமாசி வீதி மண்டிகளில் மணங்கும் வீசையும் பலமும் தராசை விட்டு இறங்கின; கிலோவும் கிராமும் ஏறின. 1964-இல் 'நயா' என்ற அடைமொழியும் போய் வெறும் பைசா ஆயிற்று. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாமல் போயின. 'நாலணா' என்ற பெயரை அரை நூற்றாண்டுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது அந்தக் கால் ரூபாய்தான். இங்கிலாந்தில் பார்திங் 1960-ஆம் ஆண்டு முடிவில் செத்தது. அந்த நாடு பத்தின் கணக்குக்கு மாறியது 1971 பிப்ரவரி 15-ஆம் தேதி. நமக்குப் பதினான்கு வருஷம் பின்னால்!

ஆனால் ஒரு வேடிக்கை. சொந்த வீட்டில் கிழடு தட்டிப்போன ஆங்கிலச் சின்ன எண்கள் பல நம் கடைத்தெருவில் இன்னும் இளமையோடு நடமாடுகின்றன. வளையல் வாங்கினால் டஜன். தீப்பெட்டி மொத்த வியாபாரத்தில் குரோஸ்; பன்னிரண்டு டஜன், அதாவது 144. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நோட்டுக்குக் குயர். எல்லாவற்றையும்விடப் பெரியது பவுன். ஆங்கில அரசின் தங்க நாணயத்தின் எடையைப் பிடித்துக்கொண்டு, 8 கிராம் ஒரு பவுன் என்று மதுரை நகைக்கடை வீதி இன்றுவரை கணக்குப் பேசுகிறது. பெண்ணுக்கு எத்தனை பவுன் என்று கேட்காமல் கல்யாணப் பேச்சு நகராது. போட வழியில்லாத வீட்டில் மட்டும் பழைய தமிழ் எண் எட்டிப் பார்க்கும். "குந்துமணித் தங்கம்கூடக் கிடையாது" என்பார்கள். சிவந்த உடம்பும் கறுத்த கண்ணும் உள்ள அந்தக் குன்றிமணி விதைதான் ஒரு காலத்தில் தட்டானின் நிறைகல். இருப்பவர் பவுனில் பேசுகிறார். இல்லாதவர் குன்றிமணியில் பேசுகிறார்.

நிலத்திலும் அப்படியே. ஏக்கரில் நூறில் ஒரு பங்கைச் சென்ட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். காணி என்ற சொல் மதுரைக்காரர் வாயில் வருவது அபூர்வம். சென்னைப் பக்கத்துக் காணி ஓர் ஏக்கர் 32 சென்ட். தஞ்சாவூர் வேலியில் 80-இல் ஒன்றான காணியோ சுமார் எட்டு சென்ட். ஒரே சொல், ஒன்று தோப்பு, மற்றது வீட்டு மனை. பாரதியார் கேட்டது எந்தக் காணி என்று பராசக்திக்குத்தான் வெளிச்சம். மாளிகையும் கிணறும் தென்னையும் அடங்க வேண்டும் என்றால் சென்னைக் காணியைக் கேட்டிருப்பதே உத்தமம்!

2019-ஆம் ஆண்டில் ஒரு சின்னச் சம்பவம் நடந்தது. உலகத்து எழுத்துக்களையெல்லாம் கணினிக்காக வரிசைப்படுத்தும் யூனிகோடு அட்டவணையில், பழைய தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் அளவைக் குறிகளுக்கும் இடம் கிடைத்தது. அந்த வரிசையில் முதலில் நிற்பது 320-இல் ஒன்று. நம் முந்திரியேதான். கல்லிலிருந்து ஓலைக்கு வந்து, ஓலையிலிருந்து காகிதத்துக்கு வராமல் ஒதுங்கி நின்ற குறி, காகிதத்தைத் தாண்டிக் குதித்துக் கணினிக்குள் போய்விட்டது. அதை யார் எழுதப் போகிறார்கள் என்பது வேறு விஷயம். அதற்கு இடம் உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டது.

பழைய கணக்கு திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பத்தின் கணக்கு எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் பொதுவானது. திண்ணையின் கணக்கு அப்படி இருக்கவில்லை. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே முந்திரியை ஏட்டில் விட்டுவிடலாம். ஆனால் முந்திரியை எண்ணியவர்களிடம் இருந்த ஒரு குணத்தை விட்டுவிடக் கூடாது. மிச்சம் என்று ஒன்று விழும், அது யாருக்காவது சொந்தம், அதை எழுதி வைக்க வேண்டும் என்ற எண்ணமே அந்தக் குணம். இன்று திட்டம் போடுகிறவர்கள் கோடிகளில் பேசுகிறார்கள். தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படி வெட்டிப்போட்ட இலக்கத்தில் ஒரு கிராமமே குடியிருக்கலாம்.

மதுரை மார்க்கெட்டில் இன்றும் தரையில் சாக்கை விரித்து, தக்காளியையும் எலுமிச்சம்பழத்தையும் கூறு கட்டி விற்கும் அம்மாள்கள் இருக்கிறார்கள். கூறு என்பது கிலோவும் அல்ல, டஜனும் அல்ல. வாங்க வருகிறவர் கையில் எவ்வளவு இருக்கும் என்று மனிதரைப் பார்த்து வகுத்த அளவு அது. விலை படிந்து காசு கைமாறிய பிறகு, கேட்டும் கேட்காமலும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையோ இரண்டு பச்சை மிளகாயோ வந்து பையில் விழும். அதற்குக் கொசுறு என்று பெயர். கணக்கதிகாரத்தில் அதற்கு வாய்ப்பாடு கிடையாது. யூனிகோடில் அதற்குக் குறி கிடையாது. சட்டப்படி கழித்துக் கட்டிய அந்தக் கால் நயா பைசா, சட்டத்துக்குத் தெரியாமல் ஏழையின் பைக்குத் திரும்பிவரும் வழி அது ஒன்றுதான்.